போக்கியத்துக்கு விட்ட வீடு

1

நான் தென்கொரியாவுக்கு வந்து இறங்கி மூன்று வருடம் ஆகப்போகிற சமயத்தில், ஒரு நாள் காலையில் அம்மா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கூட ஒரு வரியும் இல்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. போட்டோவில் இருந்தது எங்கள் வீடுதான், ஆனால் எங்கள் வீடு மாதிரி இல்லை. மழையில் கறுத்துக் கிடந்த முன்சுவர் நல்ல நீலமாக மாறியிருந்தது. தட்டி கட்டி மறைத்திருந்த இடத்தில் இரும்பு கேட். பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்டு ஒரு கொட்டகை, உள்ளே மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

கோஜே என்கிற தீவில் கப்பல் கட்டும் தளத்தில் எனக்கு வேலை. வெல்டிங் வைத்த குழாய்களைச் சோதித்து, எங்கே விரிசல் என்று சொல்ல வேண்டும். ஷூவை மாட்டிக்கொண்டே அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் தங்களுக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு இரும்பு கேட் போட மாட்டார்கள். வீடு போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

வீடு இருப்பது திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற வழியில் ஒரு ஊரில். இரண்டு அறை, மேலே தளம். ஒரு வருடம் சுவர், அடுத்த வருடம் ஜன்னல், அதற்கடுத்த வருடம் கதவு என்று என் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது ஏஜென்சிக்கும் பயிற்சிக்கும் டிக்கெட்டுக்கும் மொத்தமாகப் பணம் தேவைப்பட்டது. எங்களிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

பணம் தந்தது தேசம்மா அக்கா குடும்பம். திருவிடந்தை பக்கத்துக் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், அக்கா மீன் விற்கிறாள். அவர்கள் வீட்டுப் பின்சுவர் வரைக்கும் கடல் வந்துவிட்டிருந்தது. பணத்தைக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் குடியேறினார்கள். நைனாவும் அம்மாவும் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு, நைனா வாட்ச்மேனாக இருக்கும் மனைப்பிரிவுக்குப் போனார்கள். கலர் கொடி நட்டு ‘மனைகள் விற்பனைக்கு’ என்று போர்டு வைத்திருக்கும் அந்தப் பொட்டலில் காவல்காரனுக்கென்று ஒரு ஷீட் ரூம் உண்டு.

பத்திரத்தில் மூன்று வருடக் கெடு. அடுத்த மாதம் முடிகிறது.

2

அந்தப் பத்திரத்தை நைனாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டியதே நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன். காலேஜ் முடித்தபின் ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் பில் வரைக்கும் எல்லாத் தாளும் என் கைக்குத்தான் வரும். படித்து முடித்து நான் தலையை ஆட்டினால் அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். எனக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பத்திரம் எழுதுபவர் தலைப்பில் ‘போக்கிய அடமானம்’ என்று எழுதியிருந்தார். என் கண் இரண்டாவது வார்த்தையிலேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது மதுராந்தகத்தில் என் மாமா வீட்டை அடமானம் வைத்தார். வீட்டிலேயேதான் இருந்தார். ஆனால் மாதாமாதம் வட்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஹாரன் அடிப்பார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். கடைசியில் வாங்கிய கடன் ஒரு பங்கு, வட்டி இரண்டு பங்கு என்று ஆகி, கெடு தாண்டியதும் வீடு கைமாறியது. அத்தை கிரைண்டரைத் தெருவில் வைத்துக்கொண்டு டெம்போவுக்காக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஹாரன் சத்தம்தான் கேட்கும்.

எங்கள் பத்திரத்தில் வட்டி என்று ஒரு வரியும் இல்லை. மாமா பத்திரத்திலும் இல்லை. வட்டியை யாரும் தாளில் எழுத மாட்டார்கள், வாயில்தான் பேசுவார்கள் என்று நான் தெரிந்து வைத்திருந்தேன். ‘கெடு முடிந்ததும் முழுத் தொகையும் செலுத்தி வீட்டை மீட்டுக்கொள்ள வேண்டியது’ என்று கடைசியில் ஒரு வரி. மீட்காவிட்டால் என்ன என்று எழுதவில்லை. அதை நானே மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஆகவே பணம் சேர்த்தேன். கம்பெனி டார்மிட்டரியில் நான்கு பேர் தூங்கும் அறையில் இருந்துகொண்டு, கேன்டீன் சாப்பாட்டையே மூன்று வேளையும் தின்றுகொண்டு சேர்த்தேன். போன வருடம் தீபாவளி சமயத்தில் கையில் ஒரு தொகை வந்தது. என் மனைவி கவிதாவையும் மகள் யாழினியையும் இங்கே அழைத்துக்கொள்ள அது போதும். அல்லது அதைத் தொடாமல் வைத்து இன்னும் கொஞ்சம் சேர்த்தால், கெடுவுக்குள் அசலையாவது கட்டலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும். இந்த வருஷம் வேண்டாம் என்று கவிதாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். விசா கெடுபிடி என்று பொய் சொன்னேன்.

நான் கிளம்பும்போது யாழினி பத்து மாதக் குழந்தை. இப்போது நான்கு வயது ஆகப்போகிறது. கவிதா தன் தாய் வீட்டில் மதுராந்தகத்தில் இருக்கிறாள். யாழினியிடம் அப்பா எங்கே என்று கேட்டால், சார்ஜரில் கிடக்கும் போனைக் காட்டுவாளாம். முதலில் அதைச் சொல்லிச் சிரித்தோம். இந்த வருடம் வீடியோ காலில் நான் வந்தால், ஒரு ‘ஹாய்’ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். கூப்பிட்டால், ‘அவுருகிட்ட பேசிட்டன்’ என்கிறாள். அப்பா என்பது எப்போது அவர் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

3

போட்டோ வந்த வாரத்தில் கவிதா மறுபடியும் கேட்டாள். வீட்டு வாடகை எவ்வளவு ஆகும் என்று போய் விசாரித்தாவது சொல்லேன் என்றாள். விசாரித்து, முடியாது என்று ஆதாரத்தோடு சொல்லிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை அந்தத் தரகர் ஆபீஸுக்குப் போனேன். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மீன் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஆபீஸ். உள்ளே என் வயதுதான் இருக்கும், ஒரு பெண். கொரிய மொழியில் மரியாதையாகப் பேச ஒரு விதம், மரியாதை இல்லாமல் பேச ஒரு விதம். என் கொரியன் முழுக்க ஃபோர்மேன்கள் கத்தியதைக் கேட்டு வந்தது. நான் அவளிடம் ‘வீடு இருக்கா? எடு, காட்டு’ என்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, எந்தத் தளத்தில் வேலை என்று கேட்டாள். எங்கள் பக்கத்துப் பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் இருக்கும், அதனால் எனக்கு அது தப்பாகவே படவில்லை. இப்படி அந்த ஆபீஸில் வெல்டர்கள் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் போல.

அவள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் மாத வாடகை வீடு. இன்னொரு பக்கம் ‘ஜொன்சே’. அதை போன் மொழிபெயர்ப்பிலும் கையாலும் விளக்கினாள். வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு மாத வாடகை கிடையாது. இரண்டு வருடம் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகையை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் அதற்கு வட்டி தருவாரா என்று கேட்டேன். அவள் எதற்கு என்றாள். நீ வீட்டில் இருக்கிறாயே, அதுதான் வட்டி என்றாள்.

எனக்கு எங்கேயோ இடித்தது. சரி, இரண்டு வருடம் முடிந்தது, வீட்டுக்காரர் கையில் பணம் இல்லை, அப்போது வீடு எனக்குச் சொந்தமாகிவிடுமா என்று கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி இருந்தால், வீடு வீடாக ஜொன்சேக்குக் குடியிருந்த எங்கள் அப்பாவுக்கு இந்தத் தெருவே சொந்தமாகியிருக்கும் என்றாள். பணம் வருகிற வரைக்கும் இருந்துகொள்ள வேண்டியதுதான், வேறென்ன?

நான் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் நாட்டில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அடமானத்துக்கு கொரிய மொழியில் என்ன வார்த்தை என்று போனில் தேடி, வீட்டை அப்படி வைத்திருக்கிறோம், கெடு முடியப்போகிறது என்று காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. வட்டி எவ்வளவு நாள் பாக்கி என்று கேட்டாள். யாரும் வட்டி கேட்டதில்லை என்றேன். பேங்க் ஆட்கள் வந்தார்களா? பேங்க் இல்லை. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த வீட்டில் இப்போது யார் தூங்குகிறார்கள்?”

பணம் கொடுத்தவர்கள்தான் என்றேன்.

அவள் நான் காட்டிய வார்த்தையை என் போனிலிருந்து அழித்துவிட்டு, தாளில் ஜொன்சே என்று எழுதியிருந்த பக்கத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினாள்.

எவ்வளவு பெரிய மடையன் நான். திருப்போரூரில் ஒவ்வொரு கரண்ட் கம்பத்திலும் ‘போக்கியத்துக்கு வீடு’ என்று அட்டை தொங்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் படித்துக்கொண்டேதான் காலேஜுக்குப் போனேன். அடமானம் என்றால் கடன் வாங்கியவன் தன் வீட்டிலேயே இருப்பான், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். போக்கியம் என்றால் கடன் கொடுத்தவன் வந்து வீட்டில் இருப்பான், வட்டி ஓட இடமே கிடையாது. என் மாமா தன் வீட்டில்தான் தூங்கினார். என் அம்மாவும் நைனாவும் ஷீட் ரூமில் தூங்குகிறார்கள். மூன்று வருடமாக இந்த வித்தியாசம் என் கண் முன்னால் இருந்தது. நான் பத்திரத்தைப் படித்தேனே தவிர வீட்டைப் பார்க்கவில்லை.

4

ஆபீஸ் வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது நாஸ்தா நேரம். இட்லி வேகிறது, அப்புறம் பேசு என்றாள். வைக்காதே என்று சொல்லிவிட்டு, கெடு முடியப்போகிறதே, தேசம்மா அக்கா வட்டி எவ்வளவு சொல்கிறாள் என்று கேட்டேன். தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன்.

“இன்னா வட்டி?” என்றாள் அம்மா.

அடமானத்துக்கு வட்டி இல்லையா என்றேன். அம்மா நைனாவிடம் எதையோ சொல்வது கேட்டது. நைனா சிரிப்பதும் கேட்டது.

“யார்ரா உனுக்கு அடமானம்னு சொன்னது? போக்கியம்டா. அவுங்க வூட்ல குந்திகினு கீறாங்க, நாம அவுங்க துட்ட வச்சிகினு கீறோம். வட்டி எங்கேர்ந்து வரும்?”

அப்படியென்றால் கெடு தாண்டினால் என்று இழுத்தேன். தாண்டினால் இருப்பார்கள், துட்டு கொடுத்தால் போவார்கள், இதில் என்ன கீது என்றாள். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

“நீதானேடா படிச்சி காட்டின? படிச்சவனுக்கு நாங்க இன்னாத்த சொல்றது?”

போட்டோ எதற்கு அனுப்பினாய் என்று கேட்டேன். பெயின்ட் நன்றாக இருந்தது, அதனால் அனுப்பினேன் என்றாள். தீபாவளியிலிருந்து நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவிதா சொன்னாளே, இதற்காகத்தானா என்று மெதுவாகக் கேட்டாள். இட்லியை இறக்கு, தண்ணீர் வற்றிவிடும் என்றேன்.

5

அம்மா சொன்னது போதும்தான். ஆனாலும் வாயால் சொன்ன ஒன்றை நம்பித்தான் மாமா வீட்டை விட்டார் என்கிற பயம் முழுதாகப் போகவில்லை. தேசம்மா அக்காவிடமே பேசிவிட வேண்டும் என்று அன்று மத்தியானம் வீடியோ கால் போட்டேன். அவள் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, உட்காரச் சொல்வது மாதிரி, நல்லாக் கீறியா தம்பி என்று கேட்டாள். ஆனால் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

கெடு பற்றிப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று முந்திக்கொண்டாள். சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கவில்லை, பின்பக்கம் தளம் ஒழுகியது, அவள் வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பூசினார், அந்தச் செலவை உங்களிடம் கேட்கவில்லை, கொட்டகையை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்கிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு அக்கா இதெல்லாம் என்றேன்.

“நீ அடுத்த மாசம் துட்டோட வந்துடுவியோன்னு நான் ரெண்டு மாசமா பேஜாராக் கீறேன் தம்பி. பொண்ணு பன்னெண்டாவது. நடுவுல வூட்ட மாத்துனா அது படிப்பு இன்னாத்துக்கு ஆவும்? எங்க வூடு பாதி கடல்ல கீது, எங்க போவறது?”

பெயின்டும் இரும்பு கேட்டும் அதற்காகத்தான். வீட்டை நன்றாக வைத்திருந்தால் எங்களுக்கு அவளைக் கிளப்ப மனசு வராது என்று நினைத்திருக்கிறாள். நான் போட்டோவில் பார்த்த நீலம் வீட்டை எடுத்துக்கொண்டவள் பூசிய நீலம் இல்லை. போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவள் பூசியது. ஒரே தேதியை நினைத்து நான் இங்கே பயந்துகொண்டிருந்தேன், அவள் என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு பயந்துகொண்டிருந்தாள். நான் பணம் கட்ட முடியாதே என்று. அவள் நான் கட்டிவிடுவேனே என்று.

இதை அவளிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். “தம்பி, நீ இன்னாதான் படிச்ச?” என்றாள். அவள் மகள் பின்னாலிருந்து சிரித்துவிட்டு, அம்மா அடித்த அடிக்கு உள்ளே ஓடியதும் தெரிந்தது.

இரண்டு வருடம் நீட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். அவளுக்கு மகள் படிப்பு முடியும், எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அடுத்த வாரம் திருப்போரூரில் அதே பத்திரம் எழுதுபவரிடம் போய் எழுதினார்கள். கைநாட்டு வைப்பதற்கு முன் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். இந்தத் தடவை புரியாத இடத்தையெல்லாம் நைனாவிடம் போன் போட்டுக் கேட்டேன். நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கேட்காததையும் சொன்னார்.

6

சேர்த்து வைத்த பணத்தை எடுத்தேன். ஜொன்சேக்கு அது எந்த மூலைக்கும் போதாது. முன்பணம் கொடுத்து மாத வாடகைக்கு ஒரு சின்ன வீடு பிடித்தேன். அதே தரகர் பெண்தான் காட்டினாள். நான் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டு போனதைக் கேட்டு, முன்பு பேசியதே நன்றாக இருந்தது என்றாள்.

பிறகு தாள்கள். கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று, ஒவ்வொன்றுக்கும் முத்திரை, முத்திரைக்கு ஒரு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை. குடியேற்ற அலுவலகத்தில் இருந்தவருக்கு ஒன்று மட்டும் தீரவே இல்லை. மனைவிக்கு வேறு குடும்பப் பெயர் இருப்பது இங்கே சாதாரணம், அதை அவர் கேட்கவில்லை. மகளுக்கு ஏன் வேறு குடும்பப் பெயர் என்றார். மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் என்று வரைந்து காட்டினேன். அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். பாவமாகப் பார்த்துவிட்டு அங்கீகரித்தார்.

போன வருடமே இதைச் செய்திருக்கலாம். அந்த ஒரு வருடத்தை நினைக்காமல் இல்லை. மூன்று வயதில் யாழினி என்னவெல்லாம் பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. அதை யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது. ஆனால் இதை எழுதும்போது மனசு லேசாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டிருந்த மூட்டைக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால், முதலில் வெட்கமாக இருக்கிறது, அப்புறம் நன்றாக இருக்கிறது.

பூசான் விமான நிலையத்தில் கவிதா என்னைப் பார்த்ததும் அழுதாள். யாழினி அவள் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். போனில் பார்த்த ஆள் இவ்வளவு பெரிதாக இருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் தூக்கவில்லை, தானாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அறைக்கதவையும் திறந்து பார்த்தாள். சாப்பிட்டாள். நான் குளித்துவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு வந்து, தரையில் பாயை விரித்தேன். அவள் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

“இவுரு அவுரு வூட்டுக்குப் போவ மாட்டாரா?”

கவிதா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். “இதாம்மா என் வூடு.”

“அப்ப நாங்க?”

“உங்களுக்கும் இதான் வூடு. மூணு பேரும் இங்கதான்.”

யாழினி யோசித்தாள். பாயின் இந்த ஓரத்தைப் பார்த்தாள், அந்த ஓரத்தைப் பார்த்தாள். தன் பொம்மையைக் கொண்டுவந்து நடுவில் படுக்க வைத்தாள். பிறகு சுவரோரமாக ஒரு இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“செரி,” என்றாள். “நீ இங்க இருந்துக்கோ.”